வீட்டில் ‘ரீஃப் டேங்க்’ வைக்க ஆசையா? கடைக்குப் போகும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

நீல வெளிச்சம், அசைந்தாடும் பவளங்கள், அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வரும் ஆரஞ்சு நிற மீன். இன்ஸ்டா ரீல்ஸில் இப்படி ஒரு கடல் மீன் தொட்டியைப் பார்த்ததும் பலருக்கும் கை பரபரக்கும். கோல்டு ஃபிஷ், கப்பி எல்லாம் வளர்த்தாச்சு, அடுத்து ‘மரைன்’ தான் என்று நேராக கொளத்தூருக்கு வண்டியைத் திருப்புபவர்களும் உண்டு.

கொஞ்சம் பொறுங்க. நன்னீர் தொட்டியில் செய்யும் தவறுக்கு நாலு மீன் சாகும். கடல் நீர்த் தொட்டியில் அதே அவசரம் காட்டினால் மொத்தத் தொட்டியும் ஒரே வாரத்தில் காலியாகலாம். அதைவிட முக்கியம், கடையில் ஆசைப்பட்டு வாங்கும் ஒரு சின்னப் பவளத் துண்டு உங்களை வனத்துறை வழக்கு வரை இழுத்துச் செல்லலாம். அதனால் தொட்டி, மோட்டார், மீன் எல்லாம் பிறகு. முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

பவளம் வாங்கலாமா?

பலர் பவளத்தை கல் என்றோ செடி என்றோ நினைக்கிறார்கள். அது ஒரு உயிரினம். ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டி வாழும் குடியிருப்புதான் நாம் பார்க்கும் பவளம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில், அதாவது புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் இருக்கின்றன. கருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் அடக்கம். உயிரோடு இருந்தால்தான் குற்றம் என்று இல்லை. காய்ந்துபோன வெள்ளைப் பவளத் துண்டை ஷோகேஸில் வைத்திருந்தாலும் சிக்கல்தான்.

2022-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். கடல்குதிரை, கடல் அட்டை, ராட்சத மட்டி வகைகள் சிலவும் இதே பட்டியலில் வருகின்றன. தொட்டியில் அழகாக இருக்கும் என்று யாராவது கடல்குதிரையை நீட்டினால், அப்படியே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

“இது நம்ம ஊர் பவளம் இல்லை சார், இம்போர்ட்டட்” என்று கடைக்காரர் சொல்லலாம். அந்த ஒரு வார்த்தை உங்களைக் காப்பாற்றாது. கடினப் பவளங்கள் எல்லாமே அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்திலும் இடம்பெற்றிருக்கின்றன. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. பில் கூட இல்லாமல் கவரில் போட்டுத் தரும் பவளத்துக்கு அந்தச் சீட்டு எங்கே இருக்கப்போகிறது? ‘சாஃப்ட் கோரல்’ என்று தனியாக விற்பவற்றையும் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். வனத்துறையிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அதில் ‘ஸோவா’ என்று செல்லமாக அழைக்கப்படும் ஸோவாந்தஸ் குடும்பத்தில் சில வகைகளுக்கு பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் கொதிக்க வைத்து, அந்த ஆவியைச் சுவாசித்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

இடையில் ஒரு சந்தேகம் வரும்: அப்போ மோதிரத்தில் போடுகிற பவளம்? நவரத்தினத்தில் சேரும் அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் பக்கம் கிடைக்கும் வேறு வகை. பவளப்பாறை கட்டும் இனம் அல்ல.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் தூரத்தில் இல்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறைகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அங்கே பல பத்தாண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. வெட்டுவது நின்ற பிறகு, கடல் சூடாகி 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்துப்போயின. மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

அப்போ ரீஃப் டேங்க் கனவே கூடாதா?

அப்படி இல்லை. பவளப்பாறையில் வாழும் மீன்களை, பவளம் இல்லாத பாறை அமைப்பில் வளர்க்கலாம். ஹாபியில் இருப்பவர்கள் இதை ‘ஃபிஷ் ஒன்லி’ தொட்டி என்பார்கள். ஆரம்பிப்பவருக்கு இதுதான் சரியான இடம் என்பது என் கருத்து. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பவளம் வளர்க்க தண்ணீரில் கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 12 டிகேஎச், மெக்னீசியம் சுமார் 1,300 பிபிஎம் என்று எல்லாவற்றையும் ஆடாமல் அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். மீன் மட்டும் என்றால் இந்தத் தலைவலியில் பாதி குறையும். விலை உயர்ந்த பவள லைட்டும் தேவையில்லை. சாதாரண எல்இடி போதும்.

பாறைக்கு, சிமென்ட் கலவையிலோ செராமிக்கிலோ செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது. நிறைய துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிமென்ட் கல் என்றால் சில வாரங்கள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி காரம் இறக்கிய பிறகே தொட்டிக்குள் வைக்க வேண்டும். ராமேஸ்வரம் பக்கம் சுற்றுலா போகும்போது கரையில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி வரும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் பவளம்தான்.

சின்னத் தொட்டி, பெரிய தலைவலி

“முதல்ல சின்னதா ஆரம்பிப்போம், பழகினதும் பெருசா வாங்கலாம்” என்பது இயல்பான யோசனை. கடல் நீரில் இது தலைகீழ். 30 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்து மூலையில் கிடந்தால், அன்று இரவே தண்ணீர் கெட்டுவிடும். 180 லிட்டரில் அதே தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் கிடைக்கும்.

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். ஆரம்பத்துக்கு இது நல்ல அளவு. ஆனால் தண்ணீர், கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்து எடை கால் டன்னைத் தொடும். டிவி ஸ்டாண்ட் மேல் வைக்கும் சமாச்சாரம் இல்லை. சுவரோரமாக, வெயில் படாத இடத்தில், சமமான தரையில், இதற்கென்றே செய்த ஸ்டாண்ட் மேல் வையுங்கள்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். உப்புத் தண்ணீர் நன்றாக மின்சாரம் கடத்தும். பிளக் பாயின்ட் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. ஒயர் தொட்டியிலிருந்து கீழே தொங்கி, பிறகு மேலேறி பிளக்குக்குப் போக வேண்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும். ஷாக் அடித்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இந்தத் தொட்டியே வைக்காதீர்கள். தண்ணீரில் கை விடும் முன் ஸ்விட்ச் ஆஃப்.

மெரினாவில் ஒரு குடம் எடுத்து வந்தால் என்ன?

கடல் பக்கத்தில் இருக்கும்போது உப்பு எதற்கு என்று கேட்பார்கள். சென்னைக் கரையில் கூவமும் அடையாறும் கலக்கும் தண்ணீரில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பர் மழை வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும் பார்த்தோம். கரையோரத் தண்ணீர் வேண்டாம்.

வீட்டில் இருக்கும் சமையல் உப்பும் ஆகாது. அதில் இருப்பது சோடியம் குளோரைடும் அயோடினும் கட்டி சேராமல் இருக்கச் சேர்க்கும் பொருளும்தான். கடல் நீரில் இருக்கும் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்த ‘மரைன் சால்ட்’ என்று தனியாக விற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 35 முதல் 40 கிராம். 180 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 6 கிலோவுக்கு மேல் வரும். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து வீணாகும். தனி டிரம்மில் மோட்டார் விட்டு ஒரு நாள் கலக்கிய பிறகு பயன்படுத்துவது நல்லது. ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் ஒப்படர்த்தி 1.025 பக்கம் இருக்க வேண்டும்.

எந்தத் தண்ணீரில் கலப்பது? போர்வெல், மெட்ரோ வாட்டர், கேன் தண்ணீர் மூன்றுமே நம்பகமில்லை. ஆர்ஓ தண்ணீர்தான் வேண்டும். இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. வீட்டு ஆர்ஓ மெஷின் பலவற்றில் ருசிக்காக கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும். குடிக்க நல்லது, மீன் தொட்டிக்கு நல்லதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. வெறும் ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மாதக் கடைசியில் மீன் இருப்பது ஊறுகாய் ஜாடியில்!

நம்ம ஊர் வெயிலுக்கு என்ன செய்வது?

வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். சென்னையிலும் மதுரையிலும் நமக்குப் பிரச்சினை எதிர்ப்பக்கம். தொட்டித் தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மே மாதம் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும். அதோடு மோட்டார்களின் சூடும் சேரும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மீன் மேலே வந்து வாய் திறந்து மூடினால் பசி என்று நினைத்து தீனி போடாதீர்கள், மூச்சுத் திணறுகிறது.

தீர்வு, சில்லர் எனப்படும் குளிரூட்டி. பல நேரம் தொட்டியை விட இதன் விலை அதிகம். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஓரிரண்டு டிகிரி இறங்கும். கோவை மாதிரி ஊரில் இது கைகொடுக்கும். கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் ஆவியாவது குறைவு, பலனும் குறைவு. சில்லர் வாங்க வசதி இல்லை, ஏசியும் இரவில் மட்டும்தான் என்றால், இந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். பகலில் 32, இரவில் 26 என்று தினமும் ஊஞ்சலாடும் தண்ணீரில் மீன் நோய்வாய்ப்படுவது நிச்சயம்.

கரண்ட் கட்? சில்லரை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காமல் போகலாம். ஆனால் தண்ணீரை அசைக்கும் சின்ன மோட்டார் ஒன்றையாவது இன்வெர்ட்டர் லைனில் இணைத்துவிடுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். மீனைக் காப்பது வெளிச்சமோ ஃபில்டரோ இல்லை, முதலில் ஆக்சிஜன்.

ஆறு வாரம் வெறும் தொட்டி!

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். தொட்டி ரெடி, தண்ணீர் ரெடி, லைட் எரிகிறது, மீன் இல்லை. வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். “ரெண்டு நாள் மோட்டார் ஓடட்டும், மீன் விட்டுடலாம்” என்று கடையிலும் சொல்வார்கள். விடக் கூடாது.

மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. கடல் நீர் காரத்தன்மை கொண்டது என்பதால் நன்னீரை விட இங்கே அம்மோனியா அதிக விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவுக்கு மீனைக் கொல்லாது. தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். தயிர் உறையும் முன் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படித்தான் இந்த நேரத்தில் அவசரப்படுவதும்.

பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டுமே? மீன் கடையில் ஒரு இறால் வாங்கித் துண்டாகப் போட்டு அழுக விடுபவர்கள் உண்டு. பாட்டிலில் வரும் அம்மோனியா கரைசலை அளந்து விடுவது இன்னும் சுத்தமான வழி. பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் கொஞ்சம் சீக்கிரம் முடியலாம். எதுவானாலும் டெஸ்ட் கிட் இல்லாமல் நடக்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். கடைசியில் அம்மோனியா கரைசலை விட்டு 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்ஜியம் காட்டினால் தொட்டி தயார்.

‘டாம்செல் மீன் கெட்டி, அதை விட்டுப் பழக்குங்க’ என்ற அறிவுரையும் கிடைக்கும். இரண்டு காரணத்துக்காக வேண்டாம். விஷத் தண்ணீரில் ஒரு உயிரைப் போட்டுச் சோதிப்பது கொடுமை. அதையும் மீறிப் பிழைத்த டாம்செல், தொட்டி முழுக்க தன் ஏரியா என்று பின்னால் வரும் மீன்களைத் துரத்திக் கடிக்கும்.

நடுவில் கல் மேல் பழுப்பு நிறத்தில் பாசி படரும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பயப்பட வேண்டாம். புதுத் தொட்டிகளில் இது வழக்கம். சில வாரத்தில் தானாகக் குறையும்.

முதல் மீன் எது?

க்ளவுன் மீன். ‘ஃபைண்டிங் நீமோ’ படத்துக்காகச் சொல்லவில்லை. பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்ட கடல் மீன்களில் எளிதாகக் கிடைப்பது இதுதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும் விழிஞ்ஞம் மையமும் க்ளவுன் மீன் குஞ்சு உற்பத்தியில் பல ஆண்டுகளாக வேலை செய்திருக்கின்றன. பண்ணை மீன் கண்ணாடித் தொட்டியிலேயே பிறந்தது, உலர் தீனிக்குப் பழகியது. கடலில் பிடித்ததற்கு அந்தப் பழக்கம் இருக்காது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் இருந்து வருகிறது. அப்படிப் பிடிபட்ட மீன் கடையில் நன்றாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்து சில நாளில் காரணமே தெரியாமல் சாகும்.

சின்ன க்ளவுன் இரண்டாக வாங்குங்கள். ஆண், பெண் பார்க்கத் தேவையில்லை. எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். இரண்டில் ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாக மாறிவிடும். இதற்கு கடல் அனிமோன் கட்டாயம் என்பது தவறான நம்பிக்கை. அனிமோன் பராமரிப்பு கடினம். புதுத் தொட்டியில் செத்து அழுகினால் மற்றதையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

நீமோ வந்தால் டோரி வேண்டும் என்று குழந்தைகள் கேட்பார்கள். அந்த நீல டாங் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரும், நீண்ட தூரம் நீந்தும் இனம். 3 அடி தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் அழகுதான். ஆனால் கல்லில் வாழும் நுண்ணுயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்றே வாழும், புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். லயன் ஃபிஷ் முள் குத்தினால் உங்களுக்கு ஆபத்து.

எந்த மீனாக இருந்தாலும் கடையிலேயே ஒருமுறை தீனி போடச் சொல்லிப் பாருங்கள். சாப்பிடாத மீனை வாங்காதீர்கள். முடிந்தால் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். உப்பு அள்ளித் தெளித்ததுபோல உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்தால் அது கடல் நீர் வெண்புள்ளி நோய். பெரிய தொட்டிக்குள் இது நுழைந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்துச் சிகிச்சை கொடுத்து, தொட்டியை சுமார் இரண்டரை மாதம் மீன் இல்லாமல் விட வேண்டியிருக்கும். தாமிரம் கலந்த மருந்தை பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தையும் இறாலும் மொத்தமாகச் சாகும்; தாமிரம் கல்லிலும் தங்கிவிடும்.

இந்த அளவுத் தொட்டிக்கு சின்ன மீன் நாலு போதும். ஒன்று விட்டு அடுத்தது விட இரண்டு மூன்று வாரம் இடைவெளி கொடுங்கள். பாக்டீரியாவும் அதற்கேற்பப் பெருக வேண்டும் இல்லையா?

பிறகு தினமும் என்ன வேலை?

அதிகமில்லை. காலையில் வெப்பநிலை பார்ப்பது, குறைந்த தண்ணீரை நிரப்புவது, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத் தீனி. வாரம் ஒருமுறை 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவது. ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்ற கருவி இருந்தால் சோற்றுப்பானையில் பொங்கும் நுரை மாதிரி அழுக்கை நுரையாகத் திரட்டி ஒரு கப்பில் சேர்க்கும். அதைக் கழுவ வேண்டும். நாற்றம் தாங்காது, தயாராக இருங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் மீனைக் கடலில் விடுவது புண்ணியம் என்று நினைக்க வேண்டாம். அட்லாண்டிக் கடலில் பரவிய லயன் ஃபிஷ் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலேயே வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் கடற்பாசி குருசடை தீவுப் பக்கம் பவளங்கள் மேல் படர்ந்து மூடியது. மீனை வாங்கிய கடையிலோ, ஹாபியில் இருக்கும் இன்னொருவரிடமோ ஒப்படைத்துவிடலாம்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியோடு தீனி டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு நாளுக்கும் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதி வையுங்கள். ஆர்ஓ தண்ணீர் கேனில் ஒரு கோடு போட்டு, தொட்டியிலும் ஒரு கோடு போட்டு, “இந்தக் கோடு வரை மட்டும் ஊத்துங்கக்கா” என்று காட்டிவிட்டுப் போனால் போதும்.